தள்ளாட்டம்

மலைச்சாமி குடிகாரர்னு சின்னமனூர்ல அந்தத் தெருவுக்கே தெரியும். ஒரு சொட்டுகூட அவரு வாயில வச்சதில்லைங்கறது வீட்டுக்குள்ள இருக்கிறவுகளுக்கு மட்டுந்தான் தெரியும். அந்தப் பேரை அவருக்குக் கட்டிவிட்டதே பெண்டாட்டி சுப்புத்தாய்தான்.

வேற என்ன செய்வா பாவம்? மகள் ஹேமாவதி சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவருக்குக் காசம் வந்துச்சு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு அந்தப் பிள்ளையை யாரு கட்டுவா? ஏலத்தோட்டத்து வேலைக்குப் போறேன்னு ஊருக்குச் சொல்லிட்டு, ஜீப்புல மலையேறி, கேரளாப் பக்கம் போய் ஊசி போட்டுக்கிட்டாரு.

காசம் விட்டுருச்சு. ஆனா அந்த ஊசி காதுக்குள்ள போய், ஆளை நேரா நிறுத்துற நரம்பைக் கெடுத்துருச்சு.

"உசுரு தப்புச்சேன்னு சந்தோசப்படுங்க. இது இனிமே இப்படித்தான் இருக்கும்"னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு.

வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. கண்ணு பாத்துக்கிட்டே கால் நடந்துரும். பொழுதடைஞ்சா போச்சு. தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடிக்கிட்டே வருவாரு.

"என்னக்கா, அண்ணன் இப்படி வாராக?"ன்னு எதுத்த வீட்டு ஜக்கம்மா ஒரு நாள் கேட்டா.

"என்னத்தச் சொல்ல, போட்டுட்டு வாராக"ன்னு சுப்புத்தாய் வாயில வந்துருச்சு. அதுவே நிலைச்சும் போச்சு. குடிகாரன் மகளைக் கட்டிக்கிற ஆளு இருக்கு. காசக்காரன் மகள்னா வாசப்படி மிதிப்பாகளா?

இன்னைக்கு ஹேமாவதிக்குத் தட்டு மாத்த மயிலாடும்பாறையில இருந்து மாப்பிள்ளை வீட்டாளுக வாராக. காலையிலயே வாங்கன்னு சுப்புத்தாய் எவ்வளவோ சொல்லிப் பாத்தா. குலசாமியைக் கும்பிட்டுட்டு, ராகு காலம் கழிச்சுத்தான் வருவோம்னுட்டாக. ஞாயித்துக்கிழமை ராகு காலம் முடியறதே ஆறு மணிக்கு. அது 2008, கார்த்திகை மாசம். வெள்ளனவே இருட்டிரும், கரண்டு எப்பப் போகும்னு யாருக்கும் தெரியாது.

"உக்காந்த இடத்தை விட்டு அசையாதீக"ன்னு புருசன்கிட்டச் சொன்னா.

"தட்டை உக்காந்துக்கிட்டேவா மாத்த முடியும்?"



வந்துட்டாக. மாப்பிள்ளையோட அப்பா கர்ணன், அம்மா சங்கிலியம்மாள், கூட ஒரு வேன் நிறைய சனம். சங்கிலியம்மாளுக்குச் சாமி வரும். அவுக முன்னாடி சொந்தக்காரங்களே கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பாக.

கர்ணன் தொண்டையைச் செருமுனாரு.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீக. நீங்க தண்ணி போடுவீகன்னு காதுல விழுந்துச்சு. எங்க வீடு சாமி வார வீடு. இன்னைக்குச் சுத்தமாத்தான இருக்கீக?"

"சுத்தமாத்தான் இருக்கேன்"னு மலைச்சாமி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

ரெண்டு வீட்டுக்காரங்களும் எந்திரிச்சு நின்னாக. மலைச்சாமி தட்டைத் தூக்குனாரு. கரண்டு போயிருச்சு.

தட்டு தரையில விழுந்த சத்தமும், தேங்காய் உருண்ட சத்தமும் கேட்டுச்சு. "நான் சொல்லல? நல்லாப் போட்டிருக்காப்ல"ன்னு இருட்டுக்குள்ள யாரோ சொன்னாக. முடிஞ்சுது, எம்பிள்ளை வாழ்க்கை முடிஞ்சுதுன்னு சுப்புத்தாய் அப்படியே நின்னா.

ஹேமாவதி ஓடிப்போய் மெழுகுவத்தி கொளுத்திக் கொண்டாந்தா. மலைச்சாமி சுவத்தைக் கட்டிப் பிடிச்சிருந்தாரு. அங்கிட்டு, புருசன் தோளைப் பிடிச்சுக்கிட்டுச் சங்கிலியம்மாள் இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டிருந்தாக.

"ஆத்தா வந்துட்டா. எல்லாரும் கும்பிடுங்க"ன்னாரு கர்ணன்.

வேடிக்கை பாக்க வந்த ஜக்கம்மா வாசல்லயே தலைக்கு மேல கையைக் கூப்புனா.

கூட்டத்துல ஒரு பெரியவர் பயந்து பயந்து கேட்டாரு. "ஆத்தா, தட்டு கீழ விழுந்துருச்சு. இந்தச் சம்பந்தம் வேணுமா, வேண்டாமா?"

சங்கிலியம்மாள் மலைச்சாமியவே பாத்தாக. அவரு கால் இப்ப நேரா நிக்கிறதையும் பாத்தாக.

"தட்டை எடு. மாத்து. இது எம் பொண்ணு."

சாமி சொல்லை யாரு மறுக்கிறது? தட்டு மாறுச்சு.

அடுப்படிக்குத் தண்ணி குடிக்க வந்த சங்கிலியம்மாள் கால்ல சுப்புத்தாய் விழுந்துட்டா. "ஆத்தா, எங்க வீட்டுக்காரரு குடிக்கல..."

"எந்திரிங்க மதினி. குடிச்சவன் வெளிச்சத்துலயுந்தான் தள்ளாடுவான். அண்ணனுக்கு ஊசி எங்க போட்டீக?"

சுப்புத்தாய்க்கு உடம்பெல்லாம் சிலுத்துருச்சு. "உனக்குத் தெரியாதது எது இருக்கு தாயே?"

"தாயுமில்ல, சாமியுமில்ல." சங்கிலியம்மாள் வாசல் பக்கம் ஒரு தடவை பாத்துட்டுக் குரலைத் தாழ்த்துனாக. "கல்யாணமான புதுசுல நானும் அதே ஊசிதான் போட்டுக்கிட்டேன். பொம்பளை இருட்டுல தள்ளாடுனா குடிச்சிருக்கான்னு சொல்ல முடியுமா? அதான் இவுக சாமின்னு சொல்லிட்டாக."

சுப்புத்தாய்க்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு.

கூடத்துல திருநீறு வாங்கச் சனம் வரிசை கட்டி நின்னுச்சு. முன்னால ஜக்கம்மா.

"அண்ணே, குடிச்சிட்டுச் சாமி பக்கத்துல நிக்காதீக. அங்கிட்டுத் தள்ளிப் போங்க"ன்னு அவ மலைச்சாமியை விரட்டிக்கிட்டிருந்தா.

சங்கிலியம்மாள் திருநீறை எடுத்து முதல்ல மலைச்சாமி கையில குடுத்தாக.

"அவுக இங்கனயே நிக்கட்டும். நீ அந்த மெழுகுவத்தியை மட்டும் அணைய விட்டுறாத."