அந்த வருஷத்து வெயில்

நிறைமாத மருமகள், பாவம், வியர்வையில் தெப்பமாய் நனைந்து கிடந்தாள். ஏர்கூலர் வாங்கலாம் என்றான் மகன்.

"இதெல்லாம் ஒரு வெயிலாடா? நீ பொறந்த வருஷம் அடிச்சுது பாரு, அது வெயில்! உங்கம்மா வெறும் விசிறியோட சமாளிக்கலையா? நான்தான் ஒரு நாள் லீவு போட்டேனா?" அப்பா மசியவில்லை.

அந்த நேரம் பார்த்து, அவரோடு மீன் கம்பெனியில் வேலை பார்த்த நண்பர் வந்தார்.

"இவர் பொறந்த வருஷத்து வெயிலை எப்படி மாமா தாங்கினீங்க?" மருமகள் நண்பரிடம் கேட்டாள்.

"எங்களுக்கு ஏதும்மா வெயில்? ஆபீஸ்ல இருந்த உன் மாமனார் கெஞ்சிக் கூத்தாடி என்கூட ஐஸ் ரூமுக்கு மாத்திக்கிட்டாரே! ஸ்வெட்டரும் அதுவுமா, டூட்டி முடிஞ்சாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டாரு."

"ஓவர்டைம்னு சொன்னீங்களே?" என்ற மாமியார் மகனிடம் திரும்பினாள். "கூலர் ரெண்டா வாங்குடா. ஒண்ணு எனக்கு."