ஆல் சீசன்

"ஆல் சீசன் டயர் எண்டால் பனிக்காலமும் ஒரு சீசன்தானே" என்று சொல்லியே குகநேசன் இந்த வருடமும் விண்டர் டயர் மாட்டவில்லை. மாமியாரின் செத்தவீட்டுக்குப் போகும் வழியில் கார் பனிக்குள் புதைந்து, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. சக்கரத்துக்குப் பிடிப்புக் கொடுக்கக் காரில் மணலுமில்லை, உப்புமில்லை. தாயின் வாய்க்கரிசிக்கென்று மனைவி தவமலர் மடியில் வைத்திருந்த பச்சரிசிப் பையைப் பிடுங்கி டயருக்கடியில் கொட்டினான். வழுக்கை டயர் அதை அரைத்துத் துப்பியது.

அரைமணி நேரத்தில் அவளுடைய தம்பி அழைத்தான். பெட்டியை மூடிவிட்டார்களாம்.

தவமலர் இறங்கிப் பையை உதறினாள். ஒரு பிடி தேறியது. அதைக் கைக்குட்டையில் முடிந்தாள்.

"அம்மாவுக்குத்தான் இனிப் போடேலாதே?" என்றான் குகநேசன்.

"ஓம். இது உங்களுக்கு."