இரண்டு வயதுப் பிள்ளை

காய்ச்சல் கண்டு ஓக்பூனுக்குத் தாய்ப்பால் வற்றி நான்கு நாள்கள் ஆகியிருந்தன. பனி கொட்டியதால் பிள்ளையைக் கணவனிடம் விட்டுவிட்டு, இரண்டு மலைகளைக் கடந்து, போர் நிவாரண முகாமின் வரிசையில் வந்து நின்றாள்.

"பிள்ளைக்கு என்ன வயசு?" என்று, கொரிய மொழியைப் புதிதாகக் கற்றிருந்த வெள்ளைக்கார நர்ஸ் கேட்டாள்.

"ரெண்டுங்கம்மா."

"ரெண்டு வயசு ஆகாத பிள்ளைக்குத்தான் பால்மாவு. உனக்குச் சோளமாவு."

"அவனுக்குப் பாலைத் தவிர எதுவும் இறங்காதும்மா!"

"செல்லம் கொடுத்துக் கெடுக்காதே. கஞ்சி காய்ச்சிக் கொடு. அடுத்த ஆள்!"

வரிசையில் நின்ற ஒருத்தி சிரித்தாள். "ரெண்டு வயசுத் தடியனுக்கு இன்னும் பாலு கேக்குதாக்கும்! ஒண்ணுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"பிள்ளை வயசுல பொய் சொல்லுவாங்களா, அக்கா?"

அந்தி சாயும் முன்பே வீடு சேர்ந்து, கஞ்சியைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, விரல் நுனியால் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். அது கடைவாய் வழியே வழிந்தது. கணவனின் இரு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிட்ட உடம்பு அது.

"வயசைச் சரியாச் சொன்னியா?" என்று அவன் கேட்டான்.

"சரியாத்தான் சொன்னேன். பொறந்தப்போ ஒண்ணு. மறுநாள் புத்தாண்டு வந்ததும் ரெண்டு. ஊருல எல்லாருக்கும் அப்படித்தானே எண்ணுறோம்?"

"அந்தம்மா ஊருல வேற மாதிரி எண்ணுவாங்களோ என்னவோ."

ஓக்பூன் பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தினாள். பிறந்து இருபத்து மூன்றே நாள்களான அந்தப் பிள்ளை அழுவதை நிறுத்தியிருந்தது.

"ஒரே ஒரு ராத்திரி பொறுத்துப் பொறந்திருக்கக் கூடாதாடா?" என்றாள்.