தெளிந்த வானத்துக்கு ஓர் எச்சரிக்கை

இதை எனக்குச் சொன்னவர், விமான நிலைய வானிலைப் பிரிவில் காற்றின் அளவுகளைக் குறித்துத் தரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். ஓய்வுபெற்ற மறு ஆண்டு, மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் சொன்னார். நடந்ததை உடனிருந்து கண்டவர் என்பதால், அவர் சொன்ன வடிவத்தையே முதலில் தருகிறேன்.

“மந்தாரம் சார், கொஞ்சம் எட்டிப் பாருங்க. வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. எச்சரிக்கையை எடுத்துடுங்க!”

தொலைபேசியில் கத்தியவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அதிகாரி. இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர் வானிலை முன்கணிப்பாளர். சிரிப்பே காணாத முகம் என்பதால் அலுவலகம் முழுக்க அவருக்கு மந்தாரம் என்றே பெயர்.

அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த வேளையில் மேசைத் தொலைபேசி அடித்தது. “சரி… நான் பாத்துக்கறேன்” என்று வைத்தவர், டப்பாவை அப்படியே மூடிவிட்டார். கோபுரத்திலிருந்து ஏதோ கடிந்திருப்பார்கள் என்று அம்மையார் எண்ணிக்கொண்டார்.

சற்று நேரம் கழித்து ஒரு சரக்கு விமானம் தரையைத் தொடப்போகும் தறுவாயில் தூக்கியடிக்கப்பட்டு, தட்டுத்தடுமாறி இறங்கியது. ஓடுபாதைக்கு மேலே காற்று திடீர் திடீரெனத் திசை மாறுவதாக அதன் விமானி சொன்னார். மேகமும் இல்லாமல் மழையும் இல்லாமல், கண்ணுக்கே தெரியாமல் வரும் ஆபத்து அது. முன்கணிப்பாளர் உடனே எச்சரிக்கை கொடுத்தார்.

“வானத்தைப் பாத்து எடுக்க முடியாது சார்” என்றார் இப்போது. “யாராவது இறங்கி, ஒண்ணுமில்லன்னு சொல்லணும்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். அடுத்து வர்றதை இறக்கிப் பாப்போம்.”

“அப்போ அதுல இருக்கறவங்கதான் சோதனைச் சாமானா?”

“யோவ், அதுல உங்க அண்ணன்தானே வர்றார்? அம்மாவைப் பாக்க? ஆஸ்பத்திரியில கிடக்கறவங்க காத்து நிக்கிறவரைக்கும் காத்திருப்பாங்களா?”

முன்கணிப்பாளர் மூடிய டப்பாவை மேசை ஓரமாக நகர்த்தினார்.

“எச்சரிக்கை இருக்கட்டும் சார்.”

அதைக் கேட்டு, அண்ணன் வந்த விமானத்தின் விமானி திரும்பித் தொலைவிலிருந்த வேறோர் ஊரில் போய் இறங்கினார். மாலையில் காற்று அடங்கியது. மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் முன்கணிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அண்ணன் சாலை வழியாக வந்துசேர்ந்தபோது மறுநாள் விடிந்திருந்தது. கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். துக்கம் கேட்கப் போன அம்மையார் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அண்ணனின் குரல்.

“ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான்டா வந்தேன். ஒரு பொட்டு மேகம் இல்ல. ஊரெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, எறங்க மட்டும் விடமாட்டேங்கறான். கேட்டா, உன் ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம்!”

“விடுப்பா, அவன் வேலை அப்படி” என்றார் சித்தப்பா.

“என்ன வேலை? நான் வந்து முகம் பாக்கக் கூடாதுன்னு ஒரு வேலையா? சாயங்காலம் வரைக்கும் அம்மாவுக்கு உசுர் இருந்துச்சுதானே? எறங்கியிருந்தா நான் பாத்திருப்பேன்ல? சொல்லுடா!”

அம்மாவின் தலைமாட்டில் குனிந்திருந்த முன்கணிப்பாளர் நிமிர்ந்தார்.

“ஆமாண்ணே. பாத்திருப்பீங்க.”

“கேட்டீங்களா சித்தப்பா? அவன் வாயாலேயே சொல்றான்!”

பந்தல்காரனுக்கு வழிவிட முன்கணிப்பாளர் வெளியே வந்தார். அம்மையாருக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் சார், எத்தனை உயிர் சம்பந்தப்பட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்தச் சரக்கு விமானம் பட்ட பாட்டையாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அவர் கேக்கறதை நிறுத்திடுவாரா மேடம்?”

“அதுக்காக? அவர் வந்திருந்தா பாத்திருப்பார்னு நீங்களே ஒத்துக்கறதா?”

முன்கணிப்பாளர் செருப்புகளை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“மதியம் எனக்கு ஒரு ஃபோன் வந்துச்சே, அது கோபுரத்துலேருந்து இல்ல. ஆஸ்பத்திரியிலேருந்து என் வீட்டுக்காரி பேசினா. அம்மா அப்பவே போயிட்டாங்க. அண்ணன் அந்நேரம் வீட்டை விட்டே கிளம்பலை.”

“பின்னே, சாயங்காலம்னு…”

“நாங்க ரெண்டு பேருமா முடிவு பண்ணிச் சொன்னது. வாங்க வாங்கன்னு நான் கூப்பிட்டும், வேலை இருக்குன்னு ரெண்டு தடவை டிக்கெட்டை மாத்தினார். உண்மை தெரிஞ்சா சாகிற வரைக்கும் தன்னையே திட்டிக்கிட்டுக் கிடப்பார். என்னைத் திட்டறது அவருக்குச் சின்ன வயசிலேருந்து பழக்கம்தான்.”

அம்மையார் சொன்னது இவ்வளவே.

கோபுரத்தில் வேலை செய்தவர்களிடையே வழங்கும் வடிவத்தில் முடிவு வேறு. மருத்துவமனையில் மூத்த மகனின் எண்ணைத்தான் முதலில் எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அதனால் செய்தி அவருக்கும் மதியமே போய்விட்டது. தெரிந்துதான் விமானம் ஏறினார் என்கிறார்கள். கூடத்தில் அவர் கேட்ட கேள்வியும் தம்பி சொன்ன பதிலும் மட்டும் இரண்டு வடிவங்களிலும் ஒரு சொல் மாறவில்லை.