ஓரத்துக் கதிர்

வரப்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

உச்சி வெயில். பக்கத்து வயல் துரைக்கண்ணு சாப்பிடப் போயிருந்தான்.

குனிந்து, துரைக்கண்ணு வயலின் ஓரத்தில் மூன்று கதிர்களை ஒடித்துத் துண்டில் சுருட்டிக்கொண்டான்.

நாலு மாதத்துக்கு முன் இந்த விதை கேட்காமலே கிடைக்க இருந்தது. விவசாய ஆபீசில் வாங்கிய புது ரக விதை நெல்லில் அரை மூட்டை தருவதாகத் துரைக்கண்ணு சொன்னான். டீக்கடையில், பத்துப் பேர் நடுவில், இவன்தான் சொன்னான்: "ஆபீஸ் நெல்ல நீயே பொங்கித் தின்னுய்யா. எனக்கு என் நெல்லு போதும்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். துரைக்கண்ணுவும் சிரித்தான்.

இப்போது போகிறவர்கள் எல்லாம் அந்த வயலில் நின்றுவிட்டுப் போகிறார்கள். ஆபீசர் வந்து ரகத்தின் பெயர் எழுதிய பலகை நட்டார். பலகை இவன் வயலைப் பார்த்து நின்றது.

வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து, தன் கதிர் ஒன்றையும் துரைக்கண்ணு வயல் கதிர் ஒன்றையும் உதிர்த்து எண்ணினான்.

தன்னுடையது நூற்று அறுபத்தெட்டு.

அது இருநூற்றுப் பதினொன்று.

விதை. எல்லாம் அந்த விதை.

நெஞ்சு கொஞ்சம் ஆறியது. கையில் இருப்பதை விதைத்தால் அடுத்த போகம் ஒரு மரக்கால் நெல். அதற்கடுத்து ஒரு வயல். யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

மனைவி அஞ்சம்மாள் முறத்தோடு வந்து, துண்டில் கிடந்த கதிர்களைப் பார்த்து நின்றாள்.

"எங்க ஒடிச்சீங்க? நம்ம வரப்பை ஒட்டியா?"

அவன் துண்டை இழுத்துக் கதிர்களை மூடினான்.

அவள் சிரித்துவிட்டாள்.

"அது நம்ம நாத்துங்க. நடவன்னிக்கு நாத்து பத்தலன்னு அவர் வீட்டுக்காரி வந்து நின்னா. நீங்க திருவாரூர் போயிருந்தீங்க. நமக்கு மீந்ததுல நாலு கட்டு குடுத்தேன். அந்த ஓரம் பூரா அதுதான். இருவது வருசமா போடுற நெல்லு, மூஞ்சி தெரியலையா உங்களுக்கு?"

முறத்தோடு கொல்லைக்குப் போனாள். அங்கேயும் சிரிப்பது கேட்டது.

மறுபடி எண்ணினான்.

இருநூற்றுப் பதினொன்று.

அதே விதை. அதே வாய்க்கால். நடுவில் ஒரு வரப்பு. அந்தப் பக்கம் துரைக்கண்ணுவின் கை.

அவள் பொய் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. பொய்யாகத்தான் இருக்க வேண்டும்.

விதையென்றால் கேட்டு வாங்கிவிடலாம்.