மடத்து வாசலில் மிஞ்சிய சோடி

ரொறன்ரோவிலிருந்து பஸ் பிடித்து, இலை நிறம் மாறிய மலையையும் அதன்மேல் இருந்த பழைய துறவிமடத்தையும் காட்டச் சாம்பவி முப்பத்தொரு பேரைக் கூட்டிவந்தாள். சொல்லச் சொல்லக் கேளாமல், கோயிலென்று அத்தனை பேரும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது ஒரு சோடி மிஞ்சியது. நனைந்த கறுப்புச் சப்பாத்து, குதியில் ஒரு சிவந்த இலை. பஸ்ஸுக்குள் எல்லாருடைய காலிலும் சப்பாத்து இருந்தது. மூன்று தரம் எண்ணினாள். முப்பத்தொரு பேர்தான்.

“உந்தச் சப்பாத்து ஆற்றை எண்டு ஒருத்தருக்கும் தெரியாதோ?”

“விடு பிள்ளை, பசிக்குது,” என்றார் தியாகலிங்கம் அங்கிள்.

விட்டுவிட்டு வந்தாள். மோர்னிங்சைட்டில் எல்லாரையும் இறக்கிவிட்டு, தான் தனியே இருக்கும் பதினோராம் மாடிக்கு ஏறினாள்.

பூட்டிய கதவின் வெளியே அதே சோடி, இலையோடு, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. உள்ளே தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கத் தொடங்கியிருந்தது.