சங்கு அசையும் நேரம்

தொண்டிக் கடற்கரையில் வெயில் இன்னும் சுடவில்லை. ருமானா ஈர மணலில் வட்டம் போட்டு, சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளை அதற்குள் விடுகிறாள். பள்ளிக்கூடத்தில் யார் என்ன கேட்டாலும் வாயே திறக்காத மகள் மின்ஹா இப்போது வீட்டில்தான் படிக்கிறாள். அவளுக்கு நண்டென்றால் உயிர் என்பதால் இந்த வாரக் கணக்கும் நண்டுதான். "எத்தனை இருக்கு? சொல்லு தங்கம்" என்று ருமானா குனிகிறாள். சட்டென்று கால்களெல்லாம் உள்ளே போய், வட்டத்தில் வெறும் சங்குகள் கிடக்கின்றன. "உம்மா, கேள்வி கேக்காத. பாக்காத மாதிரி இரு, தானா வெளிய வரும்" என்கிறாள் மின்ஹா ரகசியமாக. ருமானா கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தூரத்தில் ஒரு வள்ளத்தின் எஞ்சின் சத்தம் தேய்ந்து அடங்குகிறது. மணலில் ஏதோ மெல்ல ஊர்கிறது. "ஒன்னு" என்கிறது பக்கத்தில் ஒரு சின்னக் குரல். "ரெண்டு..." ருமானா கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.